ஏழு ட்யூபில் ஒரு பூங்கா

போன இதழில் துணியில் வண்ணம் தீட்டுவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "சுவரில் மாட்டுகிற மாதிரி அக்ரிலிக்கில் ஒரு படம் போடச் சொல்லிக் கொடுங்களேன். மலை, அருவி, ஓடம் எல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. நம்ம ஊர் மாதிரி ஏதாவது சொல்லுங்கள்" என்று. திருச்சி சகோதரி ஒருவர், "நான் மரம் போட்டால் கீரைக்கட்டு மாதிரி வருகிறது" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொல்வதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கீரைக்கட்டு ஏன் வருகிறது என்றால், ஒவ்வொரு இலையையும் போடப் பார்க்கிறோம், அதனால்தான்.

நாம் தினமும் வாசலில் போடும் கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தாமரை போடுகிறோம், மயில் போடுகிறோம். நிஜத் தாமரைக்கு அத்தனை ஒழுங்கான இதழ் உண்டா? இல்லை. இருந்தும் தெருவில் போகிற குழந்தைகூட "தாமரை!" என்று சொல்லிவிடும். எதை வைத்தால் தாமரையாகுமோ அதை மட்டும் வைத்து, மீதியை விட்டுவிடுகிறோம். ஓவியத்திலும் அப்படி ஒரு வழி இருக்கிறது. மரத்தை மரமாக்குகிற வடிவம், பெஞ்சைப் பெஞ்சாக்குகிற கோடு, அவ்வளவுதான். முகம், கண், மூக்கு எதுவும் வேண்டாம். கோலம் போடத் தெரிந்த கைக்கு இது புதிதல்ல.

நகரத்துப் பூங்கா இதற்கு ரொம்பப் பொருத்தமான விஷயம். வட்டமான மரம், நேரான பெஞ்சு, வளைந்த பாதை, பின்னால் பெட்டி பெட்டியாக அடுக்குமாடிக் கட்டடங்கள். எல்லாமே சுலபமான வடிவங்கள். வெளிநாட்டிலும் இதை விட்டுவைக்கவில்லை. பிரான்ஸ் தேசத்து ஜார்ஜ் சூரா, பாரிஸ் பக்கத்தில் சேன் நதித் தீவு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மக்கள் பொழுதுபோக்குவதை 1884-ல் தொடங்கி 1886-ல் வரைந்து முடித்தார். சுமார் 7 அடி உயரம், 10 அடி அகலம். மனிதர்கள் எல்லாம் நவராத்திரிக் கொலு பொம்மை மாதிரி நிற்பார்கள். புள்ளி புள்ளியாக வைத்து வரைந்த படம் அது. இன்றைக்கு சிகாகோவில் இருக்கிறது. அதில் வெயில் பட்ட புல்லுக்கு அவர் வைத்த ஒரு மஞ்சள், சில வருஷங்களிலேயே பழுப்பாகிவிட்டதாம். அது எண்ணெய் வண்ணம். நம் அக்ரிலிக் அதற்கெல்லாம் ரொம்பப் பிந்தியது. தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் ஓவியர்கள் கைக்கு வந்ததே 1955 வாக்கில்தான். டேவிட் ஹாக்னி என்ற ஆங்கிலேயர் 1967-ல் நீச்சல் குளம் ஒன்றை அக்ரிலிக்கில் வரைந்தார். குளம், வீடு, வானம் எல்லாம் இழுத்துவிட்ட மாதிரி தட்டையான வண்ணம். யாரோ குதித்ததில் தண்ணீர் தெறிப்பதை மட்டும் சின்னத் தூரிகையால் வரைய இரண்டு வாரம் ஆயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் படத்தை வேகமாக முடிக்கலாம். ஒரே ஒரு இடத்தில் நிதானமாக உட்கார வேண்டும்.

நான் வரைந்தது மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோடில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா. 1893-ல் அமிர்தாஞ்சனம் தைலத்தைத் தொடங்கினாரே, அதே நாகேஸ்வர ராவ் பந்துலு பெயரில் அமைந்தது. பத்திரிகை நடத்தியவர், சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர். (தலைவலித் தைலக்காரர் பெயரில் பூங்கா என்பது எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் படும். மாலையில் அங்கே ஒரு சுற்று நடந்தால் தைலமே வேண்டாம்.) உங்கள் ஊரில் எந்தப் பூங்கா இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவற்றைச் சொல்லிவிடுகிறேன். 12-க்கு 16 அங்குல கான்வாஸ் போர்டு ஒன்று. கடையில் வாங்கும்போதே வெள்ளை பூசித்தான் வரும். ஏழு ட்யூப் போதும்: டைட்டேனியம் ஒயிட், லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர், வெர்மிலியன், கிரிம்ஸன், அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா. வெள்ளை மட்டும் பெரிய ட்யூபாக வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் சேர்த்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு கருமை வரும், அது படத்தோடு ஒட்டும். பச்சை ட்யூபும் வேண்டாம். கடைப் பச்சை பிளாஸ்டிக் வாளி நிறத்தில் கண்ணைக் குத்தும். தூரிகையில் ஒரு அங்குலத் தட்டை ஒன்று, 8-ம் நம்பர் தட்டை ஒன்று, 2-ம் நம்பர் உருண்டை ஒன்று. நைலான் தூரிகையே போதும். அப்புறம் பழைய டூத் பிரஷ், கிழிந்த பனியன் துணி, பள்ளிக்கூடச் சாக்பீஸ், மாஸ்கிங் டேப்.

நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் பண்ணும் சேட்டை ஒன்றுதான்: தட்டில் பிழிந்த வண்ணம், அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும். அதற்கு ஒரு எவர்சில்வர் தட்டில் மடித்த ஈரத்துணியைப் பரப்பி, அதன் மேல் பட்டர் பேப்பரைப் போட்டு, அதில் வண்ணத்தைப் பிழியுங்கள். மூடி வைத்தால் மறுநாளுக்கும் ஈரமாகவே இருக்கும். அந்தத் தட்டை மட்டும் மறுபடி சமையலறைக்குள் விடாதீர்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். ஆனால் ஜன்னல் திறந்திருக்கட்டும், இந்த வண்ணத்தில் லேசாக அம்மோனியா வாடை உண்டு. ஊசியில் நூல் கோர்க்கிற பழக்கத்தில் தூரிகை முனையை வாயில் வைத்துக் கூராக்குவார்கள் சிலர். கூடவே கூடாது. சில வண்ணங்களில் காட்மியம் போன்ற உலோகச் சேர்க்கை உண்டு. தூரிகை கழுவிய தண்ணீரைத் துளசிக்கோ சாக்கடைக்கோ ஊற்றுவதற்கு முன், தூரிகையிலேயே இருக்கிற வண்ணத்தைப் பழைய செய்தித்தாளில் நன்றாகத் துடைத்துவிட்டால் தண்ணீரில் போவதே கொஞ்சமாக இருக்கும். அந்தக் கொஞ்சத்தையும் செடிக்கு ஊற்ற வேண்டாம். புடவையில் பட்டால் ஈரமாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். காய்ந்தால் போகாது.

இனி வேலைக்கு வருவோம். முதல் நாள் வண்ணமே தொடாதீர்கள். காலை 6½ மணிக்குப் பூங்காவுக்குப் போய், ஒரு இடத்தில் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். இலையெல்லாம் மறைந்து, இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்று திட்டாகத் தெரியும். தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு கட்டம் போட்டு, அந்த மூன்று திட்டையும் பென்சிலால் நிரப்புங்கள். எது நன்றாக இருக்கிறதோ அதுதான் படம். காலை வெயிலில் நிழல் நீளமாகப் படுக்கும், படத்துக்கு அழகு. உச்சி வேளையில் நிழல் மரத்தடியிலேயே சுருண்டுவிடும். வேண்டுமானால் பெண்ணின் செல்போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது எதைவிட இருட்டு என்று பளிச்சென்று தெரியும்.

போர்டு முழுக்க யெல்லோ ஆக்கரைத் தண்ணீர் விட்டு மெல்லிசாகப் பூசிக் காய விடுங்கள். வெள்ளைப் போர்டைப் பார்த்தால் வருகிற பயம் போய்விடும். பிற்பாடு வண்ணத் திட்டுகளுக்கு இடையில் மயிரிழை மாதிரி இந்த மஞ்சள் எட்டிப் பார்க்கும்போது படம் முழுக்க வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும். காய்ந்ததும் சாக்பீஸால் வடிவங்களைக் கோடு போடுங்கள். பிடிக்காவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம்.

மேலே மூன்றில் ஒரு பங்கில் கண்மட்டக் கோடு. இங்கே ஒரு சூட்சுமம். சமதரையில் நாம் நின்று பார்த்தால், நம் உயரமே உள்ளவர்கள் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் தலை அந்தக் கோட்டில்தான் இருக்கும். கால்தான் கிட்டே வர வரக் கீழே இறங்கும். இது தெரிந்துவிட்டால் நடைப்பயிற்சிக்காரர்களை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒருவரும் அந்தரத்தில் பறக்க மாட்டார்கள். உட்கார்ந்தவர்கள் தலை கோட்டுக்குக் கீழே. குழந்தைகள் தலை இன்னும் கீழே.

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். வானம் வெள்ளையில் துளி நீலம். கட்டடங்களுக்கு அதிலேயே துளி கிரிம்ஸன் சேர்த்து வெளிறின கத்தரிப்பூ நிறம். ஓரம் நேராக வர டேப் ஒட்டி, முதலில் அடியில் இருக்கும் அதே நிறத்தை டேப் விளிம்பில் ஒரு தரம் பூசிக் காயவிட்டு, பிறகு கட்டட வண்ணம் பூசுங்கள். கசியாது. ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும்.

மரத்துக்கு அல்ட்ராமரைன், லெமன் யெல்லோ, ஒரு சிட்டிகை பர்ன்ட் சியன்னா. அந்தச் சிட்டிகைதான் கீரைக்கட்டைக் காப்பாற்றும். தூரத்து மரத்துக்கு அதிலேயே வெள்ளையும் நீலமும் சேர்த்து வெளிறவைக்க வேண்டும். கிட்டத்து மரம் ஒன்று தூங்குமூஞ்சி மரமாக இருந்தால் பாதிப் படம் முடிந்த மாதிரி. விரித்த குடை. அவ்வளவுதான் அதன் வடிவம். குடைக்கு அடியில் இருட்டுப் பச்சை, மேலே வெயில் பட்ட இடத்துக்கு ஆக்கர் கலந்த இளம்பச்சை, நடுவே ஒரு நடுத்தரம். மூன்றோடு நிறுத்துங்கள். நாலாவது பச்சை ஆசை காட்டும். போகாதீர்கள். மயில்கொன்றைப் பூ வேண்டுமானால் பச்சையின் மேல் நேராக வெர்மிலியன் வைத்தால் மங்கிவிடும். முதலில் வெள்ளைத் திட்டு வைத்துக் காயவிட்டு, அதன் மேல் சிவப்பு.

நிழலுக்கு எல்லோரும் கறுப்பைத் தேடுவார்கள். பாதையில் விழும் நிழல் அல்ட்ராமரைன், கிரிம்ஸன், வெள்ளை கலந்த ஊதா. புல்லில் விழுவது அந்தப் புல் பச்சையிலேயே கொஞ்சம் நீலம். ஒன்று மறக்கக் கூடாது: ஈரத்தில் பார்க்கிற நிறம் காய்ந்தால் ஒரு படி கருக்கும். அக்ரிலிக் பசை ஈரத்தில் பால் மாதிரி இருந்து, காய்ந்தால் கண்ணாடியாகிவிடுகிறது, அதனால்தான். கலந்ததை ஒரு ஓரத்தில் தொட்டுவைத்துக் காய்ந்ததும் பார்த்துவிட்டுப் பூசுவது நல்லது.

இப்போது அந்த ஒரே ஒரு நிதானமான இடத்துக்கு வருகிறேன். என் படத்தில் அது ஒரு பெஞ்சு.

எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், இந்தப் பூங்காவுக்கு இருபது வருஷம் தவறாமல் போனவர். இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இப்போது வாக்கர் வைத்துக்கொண்டு கூடம் வரைக்கும் வருவார். நாங்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத வீட்டின் இரண்டாவது மாடி. பூங்கா ஐந்து நிமிஷ நடைதான், ஆனால் அவருக்கு அது காசி மாதிரி. நான் சாக்பீஸில் கோடு போடும்போது கட்டிலில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தவர், "எங்க பெஞ்சு எங்கம்மா?" என்று கேட்டார்.

"எங்க" என்றால் அவரும் டீச்சரம்மாவும். பக்கத்துத் தெருவில் இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்கள். அத்தை படுத்த பிறகு அவர்தான் படியேறி வந்துகொண்டிருந்தார். போன தை மாதம் டீச்சரம்மா காலமாகிவிட்டார்.

நான் காலிப் பெஞ்சாகப் போடுவதாக இருந்தேன். இம்மாதிரிப் படத்தில் காலிப் பெஞ்சு அழகு. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பேரையும் போடு. அவங்களுக்கு வலது காது கேக்காது. நான் எப்பவும் இடது பக்கம்தான் உக்காருவேன். மாத்திப் போட்டுடாதே."

இதைக் கேட்டு என் கணவர் முகம் சுளித்தார். இரவு தனியாகக் கூப்பிட்டு, "போனவங்களைத் தினம் கண்ணெதிர்ல மாட்டி வைக்கணுமா? அம்மா ஏற்கெனவே சரியாச் சாப்பிடறதில்ல. இன்னும் சோர்ந்து போயிடுவாங்க" என்றார். அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை. பிள்ளை, தாயைப் பற்றிப் பயப்படுகிறார். ஆனால் டீச்சரம்மா பெயரை வீட்டில் யாரும் எடுக்காமல் நாங்கள் பத்திரமாக நடந்துகொண்ட அந்த மாதங்களில் அத்தை என்ன நன்றாகச் சாப்பிட்டாரா? பேசாமல் இருந்தால் துக்கம் தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. கேட்பவர் அவர். அவருடைய பெஞ்சு. "போடறேங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

முதுகுப் பக்கமாகப் போட்டேன். முகம் வேண்டாத படமாயிற்றே. நாலு திட்டு வண்ணத்தில் ஒரு ஆளை அடையாளம் காட்ட வேண்டுமானால் என்ன வேண்டும்? நானும் அத்தையும் இரண்டு மத்தியானம் இதைப் பற்றியே பேசினோம். டீச்சரம்மாவுக்கு அரக்குப் புடவை, கிளிப்பச்சைக் கரை, பக்கத்தில் துணிப்பை, தலையைச் சற்று இடது பக்கம் சாய்த்துக் கேட்கிற வாகு. அத்தைக்கு வெள்ளைக் கொண்டை, நீலப் புடவை. கொண்டையை மட்டும் மூன்று தரம் பெரிதாக்கச் சொன்னார். "அப்போ அவ்வளவு முடி இருந்துது" என்றார்.

அரக்குக்கு கிரிம்ஸன், பர்ன்ட் சியன்னா, துளி அல்ட்ராமரைன். ஆனால் அரக்கு இருட்டு நிறம். மரத்தடி நிழலில் வைத்தால் ஆளே தெரியாது. இருட்டைக் காட்ட வேண்டுமானால் அதன் பின்னால் வெளிச்சம் வேண்டும். அதனால் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் புல்லில் ஒரு பட்டை வெயிலை விழவைத்தேன். வெள்ளை, லெமன் யெல்லோ, துளி ஆக்கர். வைத்த உடனே இரண்டு உருவமும் எழுந்து நின்றன. உட்கார்ந்தபடியேதான். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அங்க வெயிலே வராதேம்மா, பெரிய மரம் இல்ல?" என்றார். "வரட்டும் அத்தை" என்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "அவங்களுக்குக் குளிர் ஆகாது, நல்லதுதான்" என்றார்.

படம் இப்போது அவர் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. பல நாள் காலைக் காப்பி குடிக்கும்போது அதைப் பார்த்து, பழைய கதை ஏதாவது சொல்வார். டீச்சரம்மாவின் மூத்த மருமகள் சங்கதியெல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. சில நாள், "இன்னிக்கு அதைத் திருப்பி வச்சுடு" என்பார். திருப்பி வைத்துவிடுவேன். இரண்டு நாள்கூட அப்படியே இருந்ததுண்டு. பிறகு அவரே கேட்பார். என் கணவர் படத்தைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஆணி ஆடுகிறது என்று போன வாரம் அவரே வேறு ஆணி அடித்துவைத்தார்.

மாட்டுவது பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். படம் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே காய நாளாகும். குறைந்தது ஒரு வாரமாவது விட்டு, பிறகு அக்ரிலிக் வார்னிஷை அகலத் தூரிகையால் ஒரே திசையில் மெல்லிசாக இரண்டு தரம் பூசுங்கள். குலுக்காதீர்கள், நுரை வந்துவிடும். கண்ணாடி போட வேண்டியதில்லை. நேர் வெயில் படாத சுவராகப் பாருங்கள். தூசியை உலர்ந்த மெல்லிய துணியால் தட்டினால் போதும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்து அடுக்காதீர்கள். நம் கோடையில் அக்ரிலிக் இளகும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. ஊருக்குப் பார்சல் அனுப்பினால் இடையில் பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், எழுத்தெல்லாம் படத்தில் பதிந்துவிடும்.

துணிக்கு வாங்கிய வண்ணம் மீதி இருக்கிறது, அதையே போர்டில் பூசலாமா என்று சேலம் சகோதரி கேட்டிருந்தார். பூசலாம். அதுவும் அக்ரிலிக் வகைதான். ஆனால் கொஞ்சம் நீர்த்தது, ஒரு பூச்சில் அடிநிறத்தை மறைக்காது. வானம், கட்டடம், தூரத்து மரம் வரை அதில் செய்துகொள்ளுங்கள். பெஞ்சுக்கு மட்டும் ட்யூப் வாங்கிவிடுங்கள்.